விவாகரத்துப் பேச்சில் இபிஎஃப், பென்ஷன், சொக்சோ: தோட்டத்துப் பெண்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் குளுவாங், பாலோ, நியோர், சாமெக் வட்டாரத் தோட்டங்களிலிருந்து உதவி கேட்டு வரும் பெண்கள் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்கள் இவை. கேள்விகளை அவர்கள் கேட்ட வாக்கிலேயே விட்டிருக்கிறோம். பதில்கள் முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணமுறிவுச் சட்டத்தை ஒட்டியவை. அதை 164-ஆவது சட்டம் என்றும் சொல்வார்கள். முஸ்லிம் பெண்களுக்கான பதில் கடைசிப் பகுதியில் தனியாக இருக்கிறது.

வீடு, பிள்ளைங்க, நகை, இது மூணத்தான பேசி முடிக்கணும்? அவரோட இபிஎஃப்ப எதுக்கு இழுக்கணும்?

பல தோட்டக் குடும்பங்களில் வீட்டைவிடப் பெரிய சொத்து இபிஎஃப் என்ற அந்த ஊழியர் சேமநிதிதான். கண்ணில் படாததால் யாரும் அதைப் பேச்சில் எடுப்பதில்லை. ஒருவருக்கு மாதச் சம்பளம் 2,000 ரிங்கிட் என்று வையுங்கள். அவர் சம்பளத்தில் 11 விழுக்காடு, அதாவது 220 ரிங்கிட் பிடிக்கிறார்கள். முதலாளி 13 விழுக்காடு, அதாவது 260 ரிங்கிட் போடுகிறார். மாதம் 480, ஆண்டுக்கு 5,760. இருபது ஆண்டில் போட்ட பணம் மட்டும் 1,15,200 ரிங்கிட். இலாப ஈவு இதற்கு மேல். 2024-ஆம் ஆண்டுக்கு மட்டும் 6.30 விழுக்காடு கொடுத்தார்கள்.

அந்த இருபது ஆண்டில் உங்கள் பெயரில் என்ன சேர்ந்தது என்று பாருங்கள். கல்யாணம் ஆனதும் வேலையை விட்டிருப்பீர்கள். இல்லையென்றால் புல்வெட்டு, உரம் போடுதல் என்று குத்தகைக்காரரிடம் நாள்கூலிக்குப் போயிருப்பீர்கள், அங்கே இபிஎஃப் பிடித்திருக்க மாட்டார்கள். அறுபது வயதில் அவருக்குச் சாப்பாட்டுக்கு வழி இருக்கும், உங்களுக்கு இருக்காது. நகையைப் பேசும் அதே மேசையில் இதையும் பேசச் சொல்வது இதனால்தான்.

அது அவரு வெயில்ல காஞ்சு சம்பாரிச்ச காசு. நான் வீட்டுலதான இருந்தேன், எனக்கு எப்படிப் பங்கு வரும்?

இப்படிக் கேட்கும் பெண்கள்தாம் அதிகம். சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. 164-ஆவது சட்டத்தின் 76-ஆவது பிரிவு திருத்தப்பட்டு 2018 டிசம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. திருமண காலத்தில் சேர்ந்த சொத்தைப் பிரிக்கும்போது நீதிமன்றம் பணமாகக் கொடுத்த பங்கையும் பார்க்கும், வீட்டையும் குடும்பத்தையும் கவனித்த உழைப்பையும் பார்க்கும். குடும்பத்துக்காக வாங்கிய கடன், வயதுக்கு வராத பிள்ளைகளின் தேவை, எத்தனை ஆண்டு சேர்ந்து வாழ்ந்தார்கள் என்பதும் கணக்கில் வரும். இவற்றையெல்லாம் பார்த்தபின் சமமாகப் பிரிக்கும் பக்கமே நீதிமன்றம் சாய வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்கிறது.

விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து நீங்கள் சோறு கட்டிக் கொடுத்ததால்தான் அவர் ஆறு மணிப் பிரட்டுக்கு, அதாவது வேலை ஆள் கணக்கெடுப்புக்கு, போய் நிற்க முடிந்தது. அதற்குச் சட்டத்தில் மதிப்பு உண்டு. ஆனால் வாய் திறந்து கேட்காதவருக்கு நீதிமன்றம் தானாக எடுத்துக் கொடுக்காது.

கோயில்ல தாலி கட்டுனோம், பதியல. எனக்கும் இதெல்லாம் உண்டா?

1982 மார்ச் 1-க்கு முன் வழக்கப்படி நடந்த திருமணம் என்றால் அதைப் பதிவான திருமணமாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். அதற்குப் பின் நடந்தது என்றால் பதிந்திருக்க வேண்டும். பதியாத திருமணத்தைச் செல்லும் என்று நீதிமன்றம் ஏற்ற வழக்குகளும் இருக்கின்றன. ஆனால் அங்கே முதல் போராட்டமே நீங்கள் மனைவி என்று நிரூபிப்பதுதான், சொத்துப் பேச்சு அதற்குப் பின்தான். கல்யாணப் பத்திரிகை, படங்கள், கோயில் ரசீது, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், அவர் உங்களை மனைவி என்று எழுதிக் கொடுத்த தோட்ட ஆபீஸ் பாரம், எல்லாவற்றையும் திரட்டிக்கொண்டு வழக்கறிஞரைப் பாருங்கள். இன்னும் சேர்ந்து வாழ்கிற பெண் இதைப் படித்தால், இந்த மாதமே தேசியப் பதிவுத் துறைக்குப் போய் என்ன செய்யலாம் என்று கேளுங்கள்.

கோர்ட்டு உத்தரவு போட்டா இபிஎஃப் ஆபீஸ்ல என் பங்க நேரா என் கையில கொடுப்பாங்களா?

கொடுக்க மாட்டார்கள். பெரும்பாலோர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். 1991-ஆம் ஆண்டு ஊழியர் சேமநிதிச் சட்டத்தின் 51-ஆவது பிரிவு, உறுப்பினர் கணக்கிலுள்ள பணத்தை வேறொருவர் பெயருக்கு மாற்றவோ, கடனுக்காகவோ வழக்குக்காகவோ பற்றுகை செய்யவோ முடியாது என்கிறது. பணம் உள்ளே இருக்கும்வரை அதற்குப் பூட்டு போட்டமாதிரி.

அதனால் உங்களுக்கு அதில் ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது. கணக்கில் இருக்கிற தொகையைத் திருமணச் சொத்தாக எண்ணி, அதற்கு ஈடாக வேறு சொத்தை உங்களுக்குத் தரலாம். இல்லையென்றால், பணத்தை எடுக்கும் நாளில் இத்தனை பங்கை உங்களுக்குக் கட்ட வேண்டும் என்று கணவரைக் கட்டுப்படுத்தலாம். அந்த உத்தரவு கட்டுப்படுத்துவது கணவரை, இபிஎஃப் வாரியத்தை அல்ல. இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மற்ற பதில்களைப் படியுங்கள்.

இங்கிலாந்துல பென்ஷனையே ரெண்டாப் பிரிச்சு பொண்டாட்டி பேருல போடுறாங்களாமே, என் மக போன்ல காட்டுனா. இங்க இல்லையா?

அங்கே உண்டு. 2000 டிசம்பர் முதல் இங்கிலாந்து நீதிமன்றங்கள் ஒருவருடைய பென்ஷனில் இத்தனை விழுக்காடு என்று வெட்டி, மற்றவர் பெயரில் தனிப் பென்ஷனாகவே மாற்ற உத்தரவிட முடியும். மலேசியாவில் இபிஎஃபுக்கு அப்படிப்பட்ட வழி இல்லை. இணையத்தில் பார்த்த வெளிநாட்டு வீடியோவை நம்பிப் பேரம் பேசினால் நீங்கள் எதிர்பார்க்கிற தாள் இங்கே வரவே வராது. மேலே சொன்ன இரண்டு வழிகளை வைத்துக்கொண்டுதான் இங்கே வேலை பார்க்க வேண்டும்.

அப்ப எப்படித்தான் கணக்குப் போடுறது? ஒரு உதாரணம் சொல்லுங்க.

22 ஆண்டுக்கு முன் திருமணம் நடந்தது என்று வையுங்கள். கணவர் கணக்கில் இன்று 1,31,000 ரிங்கிட். திருமண நாளில் அதில் 9,000 இருந்தது. அது கல்யாணத்துக்கு முன் சேர்த்தது, அவருடையது. அந்த 9,000 சும்மா இருக்கவில்லை, 22 ஆண்டு ஈவு சேர்ந்து வளர்ந்திருக்கிறது. ஆண்டுக்கு ஐந்தரை விழுக்காடு என்று எடுத்தால் இன்று ஏறக்குறைய 29,000. அவர் தரப்பு இதைக் கேட்கும், கேட்பதில் நியாயமும் இருக்கிறது. ஆகத் திருமண காலத்தில் சேர்ந்தது சுமார் 1,02,000.

மனைவி கல்யாணத்துக்குப் பின் ஐந்தாண்டு ஃபேக்டரியில் வேலை பார்த்தார். அவர் கணக்கில் 12,000. இதையும் மறைக்காமல் சேர்க்க வேண்டும். வீட்டின் இன்றைய விலை 1,80,000, வங்கிக் கடன் பாக்கி 50,000, நிகரம் 1,30,000. மூன்றையும் கூட்டினால் 2,44,000. பாதி 1,22,000.

மனைவி வீட்டை எடுத்துக்கொண்டால் வீடு 1,30,000, சொந்த இபிஎஃப் 12,000, ஆக அவரிடம் 1,42,000 வந்துவிடுகிறது. 20,000 கூடுதல். அதைக் கணவருக்குத் தவணையில் கட்டலாம். பிள்ளைகள் சிறியவர்கள், அவர்கள் வளரும் வீடு இது என்று சொல்லி அந்த 20,000-ஐ விட்டுக்கொடுக்கவும் கேட்கலாம். கணவர் தம் இபிஎஃப் முழுவதையும் வைத்துக்கொள்கிறார். யாரும் 55 வயதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

இபிஎஃபை எண்ணாமல் வீட்டை மட்டும் பாதியாக்கியிருந்தால் இதே பெண்ணுக்குக் கிடைத்திருப்பது 65,000-உம் அவருடைய 12,000-உம், ஆக 77,000. வாய் திறக்காததால் போன தொகை 45,000 ரிங்கிட். வீட்டையும் இபிஎஃபையும் ஒன்றுக்கொன்று ஈடாக வைக்கும் இந்த முறையைத்தான் முடிந்தவரை எல்லோருக்கும் சொல்கிறோம்.

வீட்ட வாங்கிக்கிட்டா போதும்னு சொல்றீங்களா?

கடனைக் கட்ட முடிந்தால் மட்டும். கணவர் பெயரிலுள்ள கடனை உங்கள் பெயருக்கு மாற்ற வங்கி சம்மதிக்க வேண்டும், வங்கி உங்கள் சம்பளச் சீட்டைத்தான் கேட்கும். மலிவு விலை வீடு என்றால் நிலப் பட்டாவை ஒரு தடவை பாருங்கள். மாநில அரசின் அனுமதி இல்லாமல் பெயர் மாற்றக் கூடாது என்ற கட்டுப்பாடு அதில் அச்சாகியிருக்கும். அந்த அனுமதிக்கு மாதக் கணக்கில் ஆகலாம். விண்ணப்பம் போடுவது யார், செலவு யாருடையது, அவர் எந்த நாளுக்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்பதை உத்தரவிலேயே எழுதச் சொல்லுங்கள். தவணை கட்ட முடியாமல் வீடு ஏலத்துக்குப் போனால் இபிஎஃபையும் விட்டு வீட்டையும் விட்ட கதையாகிவிடும். அப்படிப்பட்ட நிலை என்றால் வீட்டை விற்றுக் கையில் காசாகப் பெரிய பங்கைக் கேட்பதுதான் புத்தி.

அவரு கணக்குல எவ்வளவு இருக்குன்னே எனக்குத் தெரியாதே. ஆபீஸ்ல போய்க் கேட்டா சொல்லுவாங்களா?

மனைவி என்றாலும் சொல்ல மாட்டார்கள். வழக்கு தொடங்கியபின் அவருடைய கணக்கறிக்கையைத் தாக்கல் செய்ய உத்தரவிடும்படி உங்கள் வழக்கறிஞர் நீதிமன்றத்தைக் கேட்கலாம். கேட்கும்போது இரண்டு தேதிகளைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்: திருமணம் நடந்த ஆண்டின் அறிக்கை ஒன்று, இன்றைய அறிக்கை ஒன்று. இன்றைய தொகை மட்டும் வந்தால் மேலே போட்ட கணக்கைப் போட முடியாது. எடுத்த பணத்தின் பட்டியலையும் சேர்த்துக் கேளுங்கள்.

வீட்டில் பிஸ்கட் டின்னிலோ சாமி மேடைக்குக் கீழேயோ பழைய சம்பளச் சீட்டும் இபிஎஃப் ஆண்டறிக்கையும் கிடக்கும். அவற்றைக் கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். அறிக்கையில் உறுப்பினர் எண், முதலாளி பெயர், மாதம், இரண்டு பங்கும் தெளிவாகத் தெரிய வேண்டும். மடிப்பில் எழுத்து மறைந்தால் விரித்து இன்னொரு படம் எடுங்கள். ஆனால் அவருடைய கைப்பேசியைத் திறந்து கடவுச்சொல் போட்டுக் கணக்குக்குள் நுழையாதீர்கள். அது உங்கள் மேல் புகாராகத் திரும்பும்.

கொரோனாவுல எல்லாத்தையும் எடுத்துட்டேன், ஒண்ணும் இல்லன்னு சத்தியம் பண்றாரு.

எடுத்திருக்கலாம். ஐ-லெஸ்தாரி, ஐ-சினார், ஐ-சித்ரா என்று கொரோனா காலத்தில் இபிஎஃப் பணத்தை எடுக்கும் திட்டங்கள் வரிசையாக வந்தன, 2022-இல் 10,000 ரிங்கிட்வரை சிறப்புத் தொகையும் எடுக்க விட்டார்கள். அதனால் பல கணக்குகள் உண்மையிலேயே வற்றிப்போயின. ஆனால் அந்தத் திட்டங்கள் எந்தக் கணக்கையும் முழுவதுமாகத் துடைத்துவிடவில்லை. அதற்குப் பின்னும் மாதா மாதம் பணம் ஏறிக்கொண்டுதான் இருக்கும். சத்தியத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது, அறிக்கையைக் கேளுங்கள். எடுத்த பணம் வீட்டுச் செலவுக்குப் போனதா, அவர் பெயரில் லாரியாகவோ தம்பி பெயரில் நிலமாகவோ மாறியதா என்பதும் முக்கியம். வேறு சொத்தாக மாறியிருந்தால் அந்தச் சொத்தும் பேச்சுக்குள் வர வேண்டும்.

அவருக்கு 54 முடியப்போகுது. அவசரப்படணுமா, காத்திருக்கணுமா?

அவசரப்பட வேண்டும். இபிஎஃப் பணம் சில உட்கணக்குகளாகப் பிரிந்திருக்கும். 50 வயதில் அக்கவுன் செஜாத்ரா என்ற உட்கணக்கை எடுக்கலாம். 55-இல் அதுவரை சேர்ந்தது முழுவதையும் எடுக்கலாம். அக்கவுன் ஃபிலெக்சிபலில் இருப்பதை எந்த வயதிலும் எடுக்கலாம். 2024 மே 11 முதல் புதிய சந்தா இப்படிப் பிரிகிறது: 75 விழுக்காடு ஓய்வுக்காலக் கணக்கு, 15 செஜாத்ரா, 10 ஃபிலெக்சிபல். 55 வயதில் பூட்டு திறந்துவிடும். அவர் வங்கிக்கு வந்த பணம் ஒரே வாரத்தில் காணாமல் போகும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அவர் சம்மதிக்காமல் நீங்கள் மட்டும் மனுப் போடுவதென்றால், பொதுவாக முதலில் தேசியப் பதிவுத் துறையின் சமரசக் குழுவுக்குப் போக வேண்டும். அது முடிய ஆறு மாதம்வரை ஆகலாம். ஐம்பத்து நாலரை வயதில் தொடங்கினால் குழு முடிவதற்குள் அவருக்கு 55 ஆகிவிடும். வழக்கறிஞரை முதல் தடவை பார்க்கும்போதே அவருடைய பிறந்த தேதியைச் சொல்லுங்கள். எடுக்கக் கூடாது என்றோ, எடுத்தால் சர்ச்சையான பங்கை வழக்கறிஞரின் வாடிக்கையாளர் கணக்கில் போட்டு வைக்க வேண்டும் என்றோ இடைக்கால உத்தரவு கேட்க முடியுமா என்று அன்றே கேளுங்கள்.

ரெண்டு பேரும் ஒத்துப்போயி டைவர்ஸ் பண்ணலாம், ‘எதுவும் கேக்க மாட்டேன்’னு கையெழுத்துப் போடுன்றாங்க. போடலாமா?

அந்த ஒரு வரியைப் படித்துப் புரிந்துகொள்ளாமல் போடாதீர்கள். சேர்ந்து போடும் மனு வேகமானது, செலவும் குறைவு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதில் சொத்துப் பகுதியில் வீடு, கார், பிள்ளைகள் என்று மட்டும் எழுதிவிட்டுக் கடைசியில் இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று முடித்திருப்பார்கள். இபிஎஃப் என்ற சொல்லே இருக்காது. பிறகு போய்க் கேட்டால் நீங்கள் கையெழுத்துப் போட்ட அந்த வரியைத்தான் காட்டுவார்கள். சொத்துப் பிரிவினையை விவாகரத்து ஆணை வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது.

வீட்டைக் கொடுத்து ஈடுசெய்ய வழியில்லை, அவர் எடுக்கும்போது தருவதாக எழுதிக்கொள்ள வேண்டியதுதான் என்றால், வாசகம் இந்த அளவுக்காவது இருக்கட்டும்: ‘கணவர் ஊழியர் சேமநிதியிலிருந்து எந்த வயதில், எந்தத் திட்டத்தின்கீழ் பணம் எடுத்தாலும், எடுத்த 14 நாள்களுக்குள் அதில் இத்தனை விழுக்காட்டை மனைவியின் வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதத்துக்குள் கணக்கறிக்கையின் நகலை மனைவிக்குக் கொடுக்க வேண்டும்.’ வெறுமனே ‘55 வயதில் பாதி தருவார்’ என்று எழுதினால் வீட்டுக்கு, மருத்துவத்துக்கு, ஃபிலெக்சிபலிலிருந்து என்று இடையில் எடுப்பதெல்லாம் தப்பித்துவிடும்.

இபிஎஃப்ல என் பேருதான் பெனாமாவா இருக்கு. அது போதாதா?

போதாது. உங்களிடம் சொல்லாமலே அவர் நாளைக்கு வேறு பெயர் கொடுக்கலாம். பெனாமா என்பது அவர் இறந்தால் யாருக்குப் போகும் என்பது மட்டுமே, உயிரோடு இருக்கும்வரை உங்களுக்கு அதில் ஒரு காசு உரிமையும் இல்லை. முந்திய பதிலில் சொன்ன ‘எடுக்கும்போது தருவார்’ வாசகத்துக்கும் இங்கேதான் ஆபத்து. அவர் எடுக்காமலே இறந்தால் பணம் புதிய பெனாமாவுக்குப் போய்விடும், நீங்கள் அவர் சொத்தின் மேல் வழக்குப் போட்டு நிற்க வேண்டும்.

இதையே மறுபக்கமும் பாருங்கள். உங்கள் கணக்கில் யார் பெனாமா? விவாகரத்து ஆனதால் அவர் பெயர் தானாக நீங்காது. ஐசியை (அடையாள அட்டையை) எடுத்துக்கொண்டு போய் மாற்றிவிட்டு வாருங்கள்.

ஆயுள் காப்பீடு வேறு மாதிரி. முஸ்லிம் அல்லாத கணவர் மனைவி பெயரையோ பிள்ளை பெயரையோ கொடுத்திருந்தால் 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டப்படி அது அறக்கட்டாக நிற்கும், பொறுப்பாளரின் சம்மதமில்லாமல் அவர் மாற்ற முடியாது. பாலிசி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மாசம் 600 வெள்ளி நஃப்கா தர்றேன்னாரு. அது போதுமே, இபிஎஃப் எதுக்கு?

உங்களுக்குக் கொடுக்கும் ஜீவனாம்சம் இருவரில் ஒருவர் இறந்ததும் நின்றுவிடும், அதற்குச் சொத்தைப் பிணையாக வைத்து உத்தரவு வாங்கியிருந்தால் ஒழிய. நீங்கள் மறுமணம் செய்தாலும் நிற்கும். அவர் ஓய்வுபெற்றுச் சம்பளம் நின்றால் குறைக்கச் சொல்லி நீதிமன்றம் போவார். உங்களுக்குப் பணம் அதிகம் தேவைப்படும் வயதும் அதுதான். சொத்தில் வாங்கிய பங்கு இதில் எதனாலும் திரும்பிப் போகாது. மாதப் படியும் வேண்டும், பங்கும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை விடச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அவரு கவர்மெண்ட் வேலை. பென்ஷன் எனக்கும் வரும்தான?

நீங்கள் மனைவியாக இருக்கும்போது அவர் இறந்தால் பெஞ்சென் தெர்பித்தான் என்ற குடும்பப் பென்ஷன் வரும். விவாகரத்தான முன்னாள் மனைவிக்கு வராது. 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் உரிமை போகாது. முப்பது ஆண்டுச் சேவையில் விவாகரத்தாகும் பெண்ணுக்கு இதுதான் பெரிய அடி.

கையில் பிடிக்கக்கூடியது பணிக்கொடை. கணக்கு இது: பணி செய்த மாதங்களைக் கடைசிச் சம்பளத்தால் பெருக்கி, அதில் ஏழரை விழுக்காடு. 360 மாதம், கடைசிச் சம்பளம் 2,400 ரிங்கிட் என்றால் பணிக்கொடை 64,800 ரிங்கிட், மொத்தமாக ஒரே தடவை. மாதப் பென்ஷன் அதே மாதங்களையும் சம்பளத்தையும் பெருக்கி 600-ஆல் வகுத்தால் வரும், இங்கே 1,440 ரிங்கிட். பணிக்கொடையை எதிர்காலத்தில் வரும் திருமணச் சொத்தாகப் பெயர் சொல்லி மனுவில் எழுதச் சொல்லுங்கள். மாதப் பென்ஷனை ஜீவனாம்சத் தொகையை நிர்ணயிக்கும்போது அவருடைய வருமானமாகக் காட்டுங்கள்.

சொக்சோ?

கிட்டத்தட்ட அதே கதை. வேலை விபத்திலோ நோயிலோ இறந்தவரின் குடும்பத்துக்கு சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் கொடுக்கும் மாதத் தொகையில் ஐந்தில் மூன்று பங்கு விதவைக்கு, ஐந்தில் இரண்டு பிள்ளைகளுக்கு. முன்னாள் மனைவி விதவை இல்லை. பிள்ளைகள் 21 வயதுவரை, மேற்படிப்பில் இருந்தால் முதல் பட்டம் முடிக்கும்வரை பெறலாம். பிள்ளைகள் உங்களிடம் வளர்ந்தால் அவர்களுக்காக விண்ணப்பிக்க வேண்டியவர் நீங்கள்தான். பிறப்புப் பத்திரத்தையும் பராமரிப்பு உத்தரவையும் பத்திரமாக வையுங்கள்.

ஒரு நுணுக்கம்: முதல் மணமுறிவு ஆணைக்கும் இறுதி ஆணைக்கும் இடையே பொதுவாக மூன்று மாதம் ஓடும். அந்த மூன்று மாதமும் நீங்கள் சட்டப்படி மனைவிதான்.

அப்ப டைவர்ஸ் பண்ணாம தனியா இருந்துட்டா நல்லதா?

சிலருக்கு, ஆம். கணவர் அரசு ஊழியர், இருவருக்கும் வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, மறுமண எண்ணம் யாருக்கும் இல்லை என்றால், நீதிமன்றப் பிரிவாணை என்ற வழியைப் பற்றி வழக்கறிஞரிடம் கேளுங்கள். திருமணம் கலையாது, சேர்ந்து வாழும் கடமை நீங்கும், 76-ஆவது பிரிவுப்படி சொத்தையும் பிரிக்கலாம். அடி உதை இருக்கும் வீட்டில் பென்ஷனுக்காகக் காத்திருக்கச் சொல்ல மாட்டோம். அங்கே பாதுகாப்புதான் முதலில்.

தோட்டத்து வீட்டுலதான் இருக்கோம். அது என்னாகும்?

அது நிர்வாகத்தின் வீடு, அவர் வேலையோடு சேர்ந்தது. பிரிக்க முடியாது. நீங்களும் அதே தோட்டத்தில் பதிந்த தொழிலாளி என்றால் உங்கள் பெயரில் தனி வீடு கேட்டு மேனேஜருக்கு எழுதுங்கள், நகலில் தோட்ட ஆபீஸ் கிராணியின் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வாடகை வீட்டுக்கான முன்பணத்தை, குறைந்தது மூன்று மாத வாடகையை, ஒப்பந்தத்தில் கேளுங்கள்.

கூடவே இன்னொன்றைத் தேடிப் பாருங்கள். துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தோட்டக் குடும்பங்கள் பல பங்கு வைத்திருக்கின்றன. அப்பா காலத்துப் பங்கு என்றால் அது அவருடையது. திருமணத்துக்குப் பின் வாங்கியது என்றால் பட்டியலில் சேருங்கள்.

என் இபிஎஃப்ப எடுத்து அவரு பேருல இருக்குற வீட்டுக் கடன அடைச்சேன். அது போனது போனதுதானா?

போகவில்லை. கணவர் பெயரிலுள்ள வீட்டுக் கடனைக் குறைக்க மனைவி எடுத்துக் கொடுக்க இபிஎஃப் விடுகிறது, எடுத்த தேதியும் தொகையும் உங்கள் கணக்கில் பதிவாகி இருக்கும். அந்த அறிக்கையையும் அதே மாத வங்கிக் கடன் அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். உங்களிடமிருந்து வெளியேறிய தொகையும் அங்கே கடன் குறைந்த தொகையும் ஒத்துப்போவதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. பட்டாவில் அவர் பெயர் மட்டும் இருந்தாலும் உங்கள் பணப் பங்களிப்பு நிரூபணமாகிவிடும்.

ஐ-சாயாங் திட்டத்தில் அவர் தம் 11 விழுக்காட்டிலிருந்து 2 விழுக்காட்டை உங்கள் கணக்குக்கு மாற்றியிருந்தால் அந்தப் பணம் உங்கள் கணக்கில்தான் இருக்கும். மொத்தக் கணக்கில் அதையும் காட்டுங்கள்.

அவரு சிங்கப்பூர்ல வேலை. அங்க சிபிஎஃப் இருக்குமே?

ஜொகூரில் இந்தக் கேள்வி நிறைய வரும். சிபிஎஃப் என்ற அந்த நாட்டுச் சேமநிதி சிங்கப்பூர் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். வேலை அனுமதியில் தினமும் பாலம் தாண்டிப் போய்வருபவருக்கு இருக்காது. அவர் நிரந்தரவாசி என்றால் தொகையைப் பட்டியலில் காட்டச் சொல்லி, நாம் மேலே போட்டதுபோல இங்குள்ள சொத்தோடு ஈடுகட்டுங்கள். சிபிஎஃபையே பிரிக்க வேண்டும் என்றால் சிங்கப்பூர் நீதிமன்றத்தின் உத்தரவு வேண்டும். வெளிநாட்டில் விவாகரத்தானவர் அங்கே அனுமதி கேட்டு மனுச் செய்ய வழி உண்டு, செலவும் உண்டு.

எனக்கு 48 வயசு. பங்கு வந்தா அத எங்க போடுறது?

முதலில் மூன்று நான்கு மாதச் செலவை வங்கியில் ஒதுக்குங்கள். மீதியில் முடிந்ததை உங்கள் சொந்த இபிஎஃபில் போடுங்கள். பலகாரம் செய்து விற்பது, தையல், பிள்ளை பார்ப்பது என்று சொந்தமாகச் சம்பாதிப்பவர் ஐ-சாரான் திட்டத்தில் பதியலாம். 2025-இல் உறுப்பினர் போட்டதில் 20 விழுக்காட்டை, ஆண்டுக்கு 500 ரிங்கிட்வரை, அரசாங்கம் கூடுதலாகப் போட்டது. அந்த ஆண்டில் 2,500 போட்டவருக்கு அந்த 500 முழுதாகக் கிடைத்தது. மகனின் மோட்டார் சைக்கிளுக்கு முன்பணம் கேட்பார்கள், தம்பி கைமாத்துக் கேட்பார். 55 வயதுவரை எளிதில் எடுக்க முடியாத இடத்தில் பணம் இருப்பது உங்களுக்குத்தான் நல்லது.

வீட்டைக் கவனிக்கும் பெண்களுக்கான சொக்சோவும் உண்டு. ஆண்டுக்கு 120 ரிங்கிட், 55 வயதுக்கு உட்பட்டவர்கள் சேரலாம், கணவர் இல்லாதவர்களும் சேரலாம். வீட்டில் விழுந்து அடிபட்டாலும் உடல் முடியாமல் போனாலும் அதில் பாதுகாப்பு இருக்கிறது.

நாங்க முஸ்லிம். இதெல்லாம் எங்களுக்கும் பொருந்துமா?

உங்கள் வழக்கு ஷரியா நீதிமன்றத்துக்குப் போகும், அங்கே திருமண காலத்தில் சேர்ந்த சொத்தை ஹர்த்தா செபென்சாரியான் என்ற பெயரில் கேட்க வேண்டும். இபிஎஃப் பெனாமாவும் உங்களுக்கு வேறு: பெனாமாவாக இருப்பவர் பணத்துக்குச் சொந்தக்காரர் ஆவதில்லை, வாங்கி வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பாளர் மட்டுமே. 51-ஆவது பிரிவின் பூட்டு எல்லோருக்கும் ஒன்றுதான்.

லாயருக்குக் கொடுக்கக் காசில்லையே?

ஜபாத்தான் பந்துவான் குவாமான் என்ற அரசாங்கச் சட்ட உதவித் துறை வருமானத்தைப் பார்த்து மணமுறிவு வழக்குகளை எடுக்கிறது. வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களும் உண்டு. போகும்போது ஐசி, திருமணப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், உங்கள் மூன்று மாத வருமானத்துக்கான தாள், உங்கள் இபிஎஃப் அறிக்கை, கைப்பேசியில் பிடித்த அவருடைய சீட்டுகளின் அச்சு நகல், வீட்டுக் கடன் அறிக்கை எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும். உறையின் மேல் திருமணத் தேதியையும் அவருடைய பிறந்த தேதியையும் பெரிதாக எழுதிவையுங்கள்.